பாலிப்புக்கு வேர் கிடையாது

சென்ற வாரம் பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்கு வந்த முந்திரி வியாபாரி ஒருவருக்கு, வலப்பக்கப் பெருங்குடலை வெட்டியெடுக்க வேறோரிடத்தில் நாளே குறித்திருந்தார்கள். பயாப்சி முடிவு புற்றுநோய் இல்லை என்றது. ஆனால் பாலிப்பின் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) அகலம் 4 செ.மீ. குடலை வெட்டாமல், ஆசனவாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்திப் பாலிப்பை மட்டும் அகற்றுவது என் வேலை. இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாமவர் என்பதால்தான் எழுதுகிறேன்.

“கேமரா வழியாக எடுத்தால் வேர் உள்ளேயே தங்கிவிடாதா, சார்?” என்று அவருடைய மகன் கேட்டார். இதைக் கேட்காத குடும்பமே இல்லை. பாலிப் குடலின் உட்புறச் சளிச்சவ்வில் முளைப்பது. புற்றுநோயாக மாறி ஊடுருவினாலொழிய அது அந்தச் சவ்வைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. எனவே அந்தச் சவ்வை முழுதாக அகற்றிவிட்டால், அடியில் தங்குவதற்கு வேர் என்று ஒன்றும் கிடையாது. பெரிய பாலிப்பில் புற்றுநோய் ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மையே. ஆயினும் நடுவில் பள்ளம் விழுந்து, மேற்பரப்பின் அமைப்புச் சிதைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படி இருந்தால் நானே அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பிவிடுவேன்.

இவருடைய பாலிப் பாய் விரித்தாற்போல் தட்டையாகப் படர்ந்திருந்தது. அடியில் நீலச் சாயம் கலந்த உப்புநீரைச் செலுத்தினால் அது கொப்புளம்போல் எழும்ப வேண்டும். பிறகு கம்பி வளையத்தை மாட்டித் துண்டு துண்டாக அறுத்தெடுக்கலாம். ஓரிடம் மட்டும் எழும்பவே மறுத்தது. முன்பு இருமுறை பயாப்சிக்காகக் கிள்ளியெடுத்த இடத்தின் தழும்பு அது. (சக மருத்துவர்களே, முழுதாக எடுக்க வேண்டிய பாலிப்பைக் கிள்ளாதீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள், போதும்.) ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. மறுநாள் அவர் வீடு திரும்பினார்.

துண்டுகள் அனைத்தும் ஆய்வகத்துக்குப் போயிருக்கின்றன. ஆழமாக ஊடுருவிய புற்றுநோய் தெரிந்தால் அப்போதும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். வெட்டியெடுத்த குடலைத்தான் திரும்ப வைக்க இயலாது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். குடலில் ஓட்டை விழுவது அரிது. விழுந்தாலும் பெரும்பாலும் உள்ளிருந்தே கிளிப் போட்டு அடைத்துவிடலாம். ரத்தக்கசிவு இரண்டு வாரம் கழித்துக்கூட வரலாம். மலம் சிவந்தோ கறுத்தோ போனால், உடற்சூடு என்று மோரைக் குடித்துக் காத்திருக்காமல் உடனே வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறைக்கவும் வேண்டாம், தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

துண்டு துண்டாக எடுத்த இடத்தில், விளிம்பில் விடுபட்ட துணுக்கிலிருந்து பாலிப் மறுபடி வளர்வதுண்டு. 6 மாதத்தில் பார்த்துவிட்டால் அது சில நிமிட வேலை. முந்திரி சீசன் முடிந்ததும் வருவதாக அவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளாமல், மகனின் கைபேசியில் தேதியைக் குறிக்கச் செய்த பிறகே அனுப்பினேன்.