லெவல்: மட்டமா, தரமா, படிநிலையா?

‘வேற லெவல்’ என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்கிறோம். அந்த லெவலுக்கு எண் கிடையாது. கூகுள், அமேசான் மாதிரி பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் பேசப்படும் லெவலுக்கு எண் உண்டு. அங்கே டேட்டா அனலிஸ்டாக, அதாவது நிறுவனத்தின் தகவல்களை அலசிப் பதில் சொல்பவராக இருப்பவர் “இன்னும் நாலுலதான் இருக்கேன்” என்றால் தன் சம்பள வரம்பு, தன்னை நம்பி எவ்வளவு பெரிய வேலையை ஒப்படைப்பார்கள், வருடாந்திர மதிப்பீட்டில் யாரோடு வைத்துப் பார்ப்பார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘லிப்ரா’ என்றால் தராசு. துலாம் ராசிக்கு மேல்நாட்டுப் பெயரும் அதுதான். சின்னத் தராசு ‘லிபெல்லா’. தளம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவிக்கும் அந்தப் பெயரே வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து லெவல் ஆனது. நம் கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தை இன்றும் ஆங்கிலத்தில் லெவல் என்றுதான் சொல்கிறார்கள். சமமாக இருக்கிறதா என்று பார்க்க வந்த சொல், இப்போது யார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்று சொல்லப் பயன்படுகிறது.

அப்படியானால் நேர்ச்சொல் மட்டம். கடல் மட்டம், நீர்மட்டம், உயர்மட்டக் குழு என்று எழுதிப் பழகியும் இருக்கிறோம். ஆனால் ஆளோடு சேர்ந்தால் இந்தச் சொல்லின் குணம் மாறிவிடுகிறது. மட்டமான ஆள் என்பது வசவு. மட்டம் தட்டுவது அவமானப்படுத்துவது. மட்டம் போடுவது வேலைக்குப் போகாமல் இருப்பது. “அமேசானில் நான் ஐந்தாம் மட்டம்” என்று பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்ல முடியுமா?

தரம் இலங்கையில் நன்றாகவே புழங்குகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைத் தெரியாதவர் அங்கே இல்லை. நிர்வாக சேவையிலும் மூன்றாம் தரத்தில் சேர்ந்து மேலே போகிறார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறையில் அதற்கு நிலை என்று பெயர்: இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் பிறகு முதல் நிலைக் காவலர் ஆகிறார். நிர்வாக சேவை, காவல்துறை இரண்டிலும் எண் குறையக் குறைய ஆள் உயர்கிறார். தொழில்நுட்ப நிறுவனங்களில் நேர்மாறு, எண் கூடக் கூட உயரம். ஏறும் திசையையும் சேர்த்துச் சொல்ல ‘படி’ தேவைப்படுகிறது. அதைத் தனியாக விட்டாலும் சிக்கல்: ‘படி உயர்வு’ என்று எழுதினால் பாதிப் பேர் அகவிலைப்படி கூடிவிட்டது என்று மகிழ்ந்துவிடுவார்கள். ஆகவே என் ஓட்டு படிநிலைக்கு. ஹையரார்க்கிக்கும், அதாவது மேல் கீழ் என்ற மொத்த அடுக்குக்கும், இதே சொல்லை எழுதுகிறார்கள் என்பது உண்மைதான். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் ஒத்துப்போவதில்லை. கல்லூரி முடித்ததும் மென்பொருள் எஞ்சினியராகச் சேர்பவர் கூகுளில் 3, அமேசானில் 4, மைக்ரோசாஃப்டில் 59. அமேசானில் கிடங்கு வேலைகள் 1-இல் தொடங்குகின்றன. அங்கே 9 என்ற படிநிலையே இல்லை, 8-க்கு அடுத்தது 10.

பிறகு ஏன் பதவிப் பெயரைக் கேட்காமல் எண்ணைக் கேட்கிறார்கள்? பெயரை நம்ப முடியாது, அதனால்தான். 2018-இல் லிஃப்ட் என்ற அமெரிக்க வாடகைக் கார் ஆப் நிறுவனம் தன் டேட்டா அனலிஸ்டுகளை டேட்டா சயின்டிஸ்ட் என்று மாற்றியது. ஏற்கெனவே டேட்டா சயின்டிஸ்டாக இருந்தவர்கள் ரிசர்ச் சயின்டிஸ்ட் ஆனார்கள். அமேசானில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்பவர் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் எஞ்சினியர். தமிழில் எல்லாருக்கும் தரவுப் பகுப்பாய்வாளர் என்றே எழுதிவிடலாம். லத்தீனில் ‘டேட்டம்’ என்றால் தரப்பட்டது. தரவும் தருவதிலிருந்து வந்ததுதான், பொருத்தம் கச்சிதம்.

படிநிலைக்குப் படிநிலை என்னதான் மாறுகிறது? ஒரு டெலிவரி ஆப்பில் போன வாரம் ஆர்டர் ரத்து கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கப் படிநிலையில் இருப்பவரிடம் கேள்வி தயாராக வரும்: எந்த ஊரில் கூடியது, எந்த நேரத்தில்? அவர் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் கணினி மொழி) எழுதி, அட்டவணை போட்டு, மாலைக்குள் பதில் தருவார். அடுத்தவர் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, பணம் செலுத்தும்போதே தோல்வியடைந்த ஆர்டர்களும் ரத்துக் கணக்கில் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பார். இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அதற்கும் மேலே இருப்பவர் பேமென்ட், டெலிவரி, வாடிக்கையாளர் சேவை என்று மூன்று குழுக்களையும் உட்கார வைத்து, ரத்து என்றால் எது என்று ஒரே வரையறைக்குக் கொண்டுவருவார். அவர் அந்த மாதம் எழுதிய எஸ்க்யூஎல் பத்து வரிகூடத் தேறாமல் போகலாம். ஆனாலும் அவர் எண்தான் பெரியது. இது புரியாமல் வருடத்துக்கு நாற்பது டாஷ்போர்டு (எண்களை வரைபடங்களாகக் காட்டும் திரை) செய்து வைத்துவிட்டு, ஏன் உயர்வு வரவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. டாஷ்போர்டுகளை எண்ணுவதில்லை, அதைப் பார்த்து யார், எந்த முடிவை மாற்றினார்கள் என்றுதான் கேட்பார்கள். அங்கே அதற்கு இம்பாக்ட் என்று பெயர். தமிழில் தாக்கம் என்கிறோம், ‘பலன்’ போதும் என்பது என் எண்ணம்.

புரமோஷன் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் முன்னே நகர்த்துவது என்று பொருள். நாம் பதவி உயர்வு என்கிறோம். சமஸ்கிருதத்தில் ‘பதவி’ முதலில் வழியைக் குறித்தது, இருக்கை என்ற எண்ணம் பின்னால் வந்தது. அரசு வேலையில் மேலே ஓர் இடம் காலியாக வேண்டும், பணிமூப்புப் பட்டியலில் நம் பெயர் வர வேண்டும். அதற்குப் பதவி உயர்வு என்பது மிகச் சரி. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் கீழ், நடுப் படிநிலைகளில் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. அடுத்த படிநிலைக்குரிய வேலையைக் கொஞ்ச காலமாவது செய்து காட்டியிருக்க வேண்டும். அதை மேலாளர் எழுதிக் கொடுக்க, கூட வேலை பார்த்தவர்கள் ஆமோதிக்க, எண் மாறும். நாற்காலியும் குழுவும் அப்படியே இருக்கும். இதைப் படிநிலை உயர்வு என்பதே சரி. அனலிஸ்ட் மேலாளராவதும் பல இடங்களில் உயர்வாகக் கணக்கில் வராது. அதே எண்ணோடு பக்கத்து ஏணிக்கு மாறுவதுதான்.

இதனோடு ஒட்டி இரண்டு சொற்கள் காதில் விழும். ஒன்று ‘டெர்மினல் லெவல்’. அதுவரை ஏறியே ஆக வேண்டும், அதற்குப் பிறகு ஏறாமல் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் மென்பொருள் எஞ்சினியர்களுக்கு அது ஐந்தாம் படிநிலை. இறுதிநிலை என்று பெயர்த்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை என்று தோன்றும், ஆனால் மேலே இன்னும் இருக்கிறது. தங்குநிலை என்று சொல்லலாம். இன்னொன்று ‘டவுன்லெவல்’: ஐந்துக்கு நேர்காணல் வைத்துவிட்டு நாலுக்கு ஆஃபர் தருவது. படியிறக்கம் என்றால் போதும். ஆஃபர் கடிதத்தில் பெரும்பாலும் பதவிப் பெயர்தான் பளிச்சென்று இருக்கும், எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.