அக்கவுண்டபிலிட்டி: பொறுப்பா, பொறுப்புக்கூறலா?

போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கம் இலை எடைபோடும் இடம் ஒன்றில் நின்றிருந்தேன். ஓர் அக்கா வீட்டிலேயே நிறுத்துக் கொண்டுவந்த பச்சைத் தேயிலை 42 கிலோ. ரசீதில் வந்தது 36. ஈரத்துக்குக் கொஞ்சம் கழிப்பது இங்கே பழைய வழக்கம்தான். ஆனால் 6 கிலோ கழிக்கச் சொன்னது யார் என்று கேட்டால், தராசுக்குப் பின்னால் இருந்த பையன், "சிஸ்டத்துல அப்படித்தான் வருதுக்கா" என்றான்.

அக்கா விடவில்லை. "சிஸ்டத்தை நானா வச்சேன்? கணக்குச் சொல்ற ஆளைக் கூப்பிடு."

அவர் கேட்டதுதான் அக்கவுண்டபிலிட்டி. சொல்லின் நேர்ப்பொருளே அதுதான். லத்தீனில் 'கொம்புத்தாரே' என்றால் கூட்டிக் கணக்கிடுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'அக்கவுண்ட்' ஆனது. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் 'கம்ப்யூட்டர்'. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இன்று தம்பியைக் காட்டி அண்ணனைத் தட்டிக்கழிக்கிறோம்.

தமிழில் பலரும் 'பொறுப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது ரெஸ்பான்சிபிலிட்டிக்குச் சரி. 'பொறு' என்றால் சுமையைத் தாங்கு. வேலை தொடங்கும்போதே தோளில் ஏறுவது பொறுப்பு. அக்கவுண்டபிலிட்டி அப்புறம் வருவது: நடந்ததற்கு, கேட்டவர் முன்னால் நின்று விவரம் சொல்வது. (நம் அலுவலகங்களில் பதவிப் பெயருக்குப் பின்னால் 'பொறுப்பு' என்று இருந்தால், அவர் தற்காலிகம் என்று அர்த்தம். அடுத்த முறை கேட்கப் போனால் ஆளே மாறியிருப்பார்!) 'பொறுப்புடைமை' என்றும் ஒரு சொல் புழங்குகிறது. எனக்கு அதைக் கேட்டால் குறளின் 'பொறையுடைமை'தான் நினைவுக்கு வருகிறது. அதுவோ பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அதிகாரம்.

பழைய ஆட்கள் 'ஜவாப்தாரி' என்பார்கள். 'ஜவாப்' அரபியில் பதில். இரவல் சொல்தான், ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் என்ற கருத்து அதில் பத்திரமாக இருந்தது.

இலங்கைத் தமிழ் ஏடுகள் 'பொறுப்புக்கூறல்' என்று எழுதுகின்றன. 2009-ல் போர் முடிந்த பிறகு அங்கே இந்தச் சொல் செய்தியில் அடிபடாத நாள் குறைவு. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம், அதனால் இது நமக்கு அந்நியச் சொல்லும் இல்லை. என் ஓட்டு இதற்குத்தான். 'கூறல்' என்று எழுதிவிட்டால், கூறுவது யார் என்ற கேள்வி கூடவே வந்துவிடும்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சலகக் கதை போதும். 1999-ல் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் அங்கே வந்தது. புஜிட்சு நிறுவனத்தின் அமைப்பு அது. கிளை அஞ்சலகங்களில் பணம் குறைவதாக அது காட்டிக்கொண்டே இருந்தது. கிளையை நடத்தியவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குப் பாய்ந்தது. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. பிழை இருப்பதாகக் காட்டும்வரை கணினி ஒழுங்காகவே இயங்கியது என்று வைத்துக்கொள்வது அங்கே நீதிமன்ற வழக்கம். மென்பொருளில்தான் கோளாறு என்று 2019-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டும் கணக்குச் சொல்லச் சொல்லி நெருக்கப்பட்டவர்கள் கல்லாப்பெட்டி முன் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

வோக்ஸ்வாகன் கதை வேறு மாதிரி. புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் வைத்திருந்தது 2015-ல் அம்பலமானது. ஓரிரு மென்பொருள் பொறியாளர்கள் செய்த வேலை என்று அமெரிக்கக் கிளையின் தலைவர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். 2017-ல் ஒரு பொறியாளரோடு மேலாளர் ஒருவரும் சிறைத்தண்டனை பெற்றார்.

அதனால் 'இந்தச் செயலிக்குப் பொறுப்புக்கூறல் இல்லை' என்று எழுதாதீர்கள். செயலி எதையும் கூறாது. 'இந்தச் செயலிக்கு இன்னார் பொறுப்புக்கூற வேண்டும்' என்று ஆளை வைத்தே எழுதுங்கள். பேச்சில் என்றால் 'கணக்குச் சொல்லணும்' தாராளம்.

சரி, அந்த இலை? பையன் கடைசியில் உள்ளே போய் மேலாளரைக் கூட்டிவந்தான். அவர் மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தார். கழிவு 3 கிலோ போதும் என்று 36-ஐ அடித்து 39 என்று பேனாவால் எழுதினார். "கையெழுத்து?" என்றார் அக்கா. போட்டார்.