கேக்கின் ஈரம் தண்ணீரில் மட்டும் இல்லை

டிசம்பர் பிறந்துவிட்டால் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரையுள்ள பேக்கரிகளில் போர்மா எனும் பெரிய அடுப்பின் சூடு தணிவதே இல்லை. கேக் மிக்ஸ் பாக்கெட்டை வாங்கி வீட்டிலேயே சுட்டுப் பார்ப்போரும் இங்கு உண்டு. பாக்கெட்டில் அச்சிட்டபடியே செய்தாலும் மறுநாள் உதிர்ந்துபோகிறது என்று சொல்லி, அடுத்த முறை மாவில் அரை தம்ளர் தண்ணீரைக் கூட்டி ஊற்றுபவர்களுக்கு, நடு அமுங்கி அடி களியான கேக்தான் கிடைக்கும்.

நாக்கு ஈரம் என்று உணர்வது தண்ணீரின் அளவை மட்டும் அல்ல. வெந்த மைதாவின் மாச்சத்தும் புரதமும் வாயிலுள்ள உமிழ்நீரை உறிஞ்சும்போதுதான் வறட்சி தோன்றுகிறது. கொழுப்பு அந்தத் துகள்களின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சுதலைத் தடுக்கிறது. மைதாவின் புரதங்கள் தண்ணீரோடு கூடி இறுக்கமான குளூட்டன் வலையாக மாறுவதையும் குறைக்கிறது. எனவே தண்ணீருக்குப் பதிலாகத் தேங்காயின் முதல் பாலை ஊற்றினால், அதே அளவு திரவத்தோடு கொழுப்பும் மணமும் சேர்ந்து வந்துவிடும். பால் கெட்டியாக இருந்தால் எண்ணெயைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

எந்தக் கொழுப்பு என்பதும் முக்கியம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகுவதால் குமரி மாவட்டத்து வெயிலில் கேக் மிருதுவாகவே இருக்கும். குளிர்பெட்டியில் வைத்தாலோ கல்லாகிவிடும். வெண்ணெயும் அப்படியே. குளிரிலும் உறையாத சூரியகாந்தி எண்ணெயோடு, மணத்துக்குச் சிறிது வெண்ணெய் சேர்ப்பதே என் தேர்வு.

முட்டை சேர்க்கும் கலவையாக இருந்தால் கூடுதலாக ஒரு மஞ்சள்கரு போதும். அதில் ஏறத்தாழ பாதி தண்ணீர். மீதியில் பெரும்பகுதி கொழுப்பு. அதிலுள்ள லெசித்தின் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைத்து வைக்கும். வெள்ளைக்கருவைக் கூட்டினால் அதன் புரதம் இறுகிக் கேக்கை வறட்சியாக்கும். பச்சைப் புள்ளியிட்ட முட்டையில்லாக் கலவையில் மசித்த மட்டி வாழைப்பழம் அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்யும்.

தண்ணீரில் இரண்டு தேக்கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் மார்த்தாண்டம் தேனைச் சேர்த்தால் பலன் நன்றாகவே தெரியும். தேனிலுள்ள பிரக்டோஸ் சீனியைவிட வலுவாக ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஆனால் அது விரைவில் சிவக்கும் என்பதால் ஓவன் வெப்பத்தைப் பத்து டிகிரியாவது குறைக்க வேண்டும். குச்சியில் ஓரிரு ஈரத்துணுக்குகள் ஒட்டும்போதே கேக்கை எடுத்துவிடலாம். கூடுதலாக விடும் ஐந்து நிமிடம் இத்தனை முயற்சியையும் கெடுத்துவிடும்.

ஈரம் குறையாமலேயே கேக் பழையதாவதும் உண்டு. வெந்து இளகிய மாச்சத்து மீண்டும் படிகமாக அடுக்கிக்கொள்வதே அதற்குக் காரணம். அது குளிர்பெட்டி வெப்பநிலையில்தான் மிக வேகமாக நடக்கிறது. ஆகவே கிரீம் பூசாத கேக்கை மூடிய டப்பாவில் வெளியே வைப்பதே நல்லது. இறுகிப்போன துண்டை ஈரம் படாமல் மூடி, இட்லிச் சட்டியின் ஆவியில் சில நிமிடம் வைத்தால் அந்தப் படிகங்கள் உருகி மென்மை திரும்பும். ஆறினால் மறுபடியும் இறுகும் என்பதால் அதைச் சூட்டோடு தின்றுவிட வேண்டும்.