வென்-போ: மருத்துவச்சி வேறு, பெண் வைத்தியர் வேறு

சீனப் பேரரசுக் காலத்தைக் களமாகக் கொண்ட நாவல்களில், அதிலும் பெண் வைத்தியர்களும் அவர்களுடைய தோழிகளும் வருகிற கதைகளில், ‘வென்-போ’ என்ற சொல்லைத் தாண்டாமல் போக முடியாது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. பெரிய வீட்டின் உள்கட்டில் ஒருத்திக்கு இடுப்புவலி கண்டிருக்கும். ஆண் வைத்தியர் வாசலோடு நின்றுவிடுவார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பேறு பார்ப்பவள் வென்-போ.

‘வென்’ என்றால் ஆடாமல் அசையாமல் இருப்பது, பத்திரமாக இருப்பது. ‘போ’ என்றால் வயதான பெண், பாட்டி. (உச்சரிப்பில் இந்தப் ‘போ’ ‘போதும்’ என்பதில் வருகிற வல்லோசை.) தாயும் பிள்ளையும் பத்திரமாகப் பிரிய வழிசெய்கிற கிழவி என்று விரித்துக்கொள்ளலாம். நல்ல பெயர்தான். ஆனால் ‘போ’வில் மரியாதையும் உண்டு, இளக்காரமும் உண்டு.

இளக்காரம் எங்கே தெரிகிறது என்றால், தாவ் ட்சோங்யி என்ற அறிஞர் 1366 வாக்கில் வெளியிட்ட குறிப்பு நூலில். ‘மூன்று கூ, ஆறு போ’ என்று அவர் ஒரு பட்டியல் தருகிறார் (‘கூ’ என்றால் அத்தை). புத்த பிக்குணி, தாவோ மதத் துறவினி, குறி சொல்கிறவள் ஆகியோர் மூன்று கூ. ஆள் விற்கும் தரகுக்காரி, கல்யாணத் தரகுக்காரி, சாமியாடி, கூட்டிக்கொடுப்பவள், மருந்து விற்பவள், கடைசியாக வென்-போ, இவர்கள் ஆறு போ. பாம்பையும் தேளையும் கண்டு விலகுவதுபோல இவர்களை விட்டு விலகியிருந்தால் வீடு சுத்தமாக இருக்கும் என்பது அவர் கருத்து. பிள்ளை பிறக்கிற அன்று மட்டும் எப்படி விலகியிருப்பது என்று அவர் சொல்லவில்லை! இந்தத் தொடர் இன்றைய சீனத்திலும் ஊர்வம்பு பேசும் பெண்களைக் குறிக்கிற வசவாகப் புழங்குகிறது.

வசவு ஒரு பக்கம் இருக்கட்டும், அரசாங்கத்துக்கு இவள் இல்லாமல் காரியம் நடக்கவில்லை. 1247-இல் சோங் ட்சு எழுதிய பிணப் பரிசோதனைக் கையேடு பெண் பிணத்தைத் தொட்டுப் பார்க்க இவளைத்தான் கூப்பிடச் சொல்கிறது. அதில் அவளுக்குப் பெயர் ‘ட்சுவோ-போ’. நடுவிரல் நகத்தை வெட்டிவிட்டு, விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு சோதிக்க வேண்டும் என்கிற அளவுக்கு விவரமாக எழுதியிருக்கிறார். மிங் அரசமரபுக் காலத்துப் பெய்ஜிங்கில், அரண்மனைக்குள் போகிற மூன்று வகை வெளிப்பெண்களில் ஒருத்தி வென்-போ. மற்ற இருவர் பாலூட்டும் தாதியும் ‘யி-போ’ என்ற வைத்தியக் கிழவியும்.

இனி இந்த ஊர், அந்த ஊர்ப் பெயர்கள். 1715-இல் புனைபெயரில் ஒருவர் எழுதிய ‘தாஷெங் பியென்’ என்ற பிரசவ வழிகாட்டி இதையே பேசுகிறது. யாங்ட்ஸி ஆற்றுக்குத் தெற்கே வென்-போ. சற்று வடக்கே ‘ஷோ-ஷெங்-போ’, பிள்ளையை வாங்கிக்கொள்ளும் கிழவி. ஹுய்ட்சோ பக்கம் ‘ஜியே-ஷெங்-போ’, பிள்ளையை ஏந்திக்கொள்ளும் கிழவி. வாங்குவதும் ஏந்துவதும்தான் அவள் வேலை, பெயரே அதைத்தானே சொல்கிறது, அவள் ஏன் கையை விட்டு இழுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். வலி எடுத்தால் தூங்கு, பொறுத்துக்கொள், தொட்டிப் பக்கம் மெதுவாகப் போ என்பதே அவர் சொல்லும் வைத்தியம். ‘தொட்டியை நெருங்குதல்’ என்றால் பிரசவம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவசரப்படுத்தி முக்கவைத்துக் கெடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் எழுதினவர் படித்த ஆண், அவர் குறை சொல்கிற பெண் பதிலுக்கு ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அவள் தரப்பைச் சடங்குகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. பெய்ஜிங்கில் அவள் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டிய ஒரு பலகையைத் தொங்கவிட்டிருப்பார்கள்: ‘வேகமான குதிரை, இலேசான வண்டி’ என்று எழுதி, கீழே பாட்டியின் பெயர். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அவளே வந்து குளிப்பாட்டுவாள். உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கொரு கரண்டித் தண்ணீரும் காசும் தொட்டியில் போடுவார்கள். காசு அவளுக்கு. வெங்காயத்தாளால் பிள்ளையை மெல்ல மூன்று தட்டுத் தட்டி வாழ்த்துவாள். வெங்காயத்தாளுக்கும் புத்திக்கூர்மைக்கும் சீனத்தில் ஒரே ஒலி, ‘ட்சோங்’.

சரி, பெண் வைத்தியர், சீனத்தில் ‘நூயி’, யார்? ‘நூ’ பெண், ‘யி’ வைத்தியம். இவள் ஏடு படித்தவள், நாடி பார்ப்பவள், மருந்துச் சீட்டு எழுதுபவள். பலருக்கும் தெரிந்த உதாரணம் வூஷி நகரத்துத் தான் யுன்ஷியென் (‘தான்’ குடும்பப் பெயர்). 1461-இல் பிறந்து 90 வயதைத் தாண்டி வாழ்ந்தவர். வைத்தியம் கற்றுக்கொடுத்தது பாட்டி. பாட்டி இறந்த பிறகு, பேத்தி நோயில் கிடந்தபோது கனவில் வந்து, மருந்து எந்த நூலில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று சொன்னாராம், 73 வயது வரை இருப்பாய் என்றும் சொன்னாராம். தன் நூலின் முன்னுரையில் தான் யுன்ஷியெனே இதை எழுதியிருக்கிறார். 1510-இல் முன்னுரை எழுதிய அந்த நூலில் 31 நோயாளிகள், எல்லாரும் பெண்கள். படகில் உழைத்துக் கை மரத்துப்போனவளும் அதில் உண்டு. கஷாயத்தோடு, மாசிபத்திரி இனத்து உலர்ந்த இலையைக் கொளுத்திச் சூடு வைக்கும் சிகிச்சையும் செய்திருக்கிறார். அச்சுக்குப் படி எடுத்துக் கொடுத்தது மகன்.

நூயி நாடியைத் தொடுவார், வென்-போ உதிரத்தைத் தொடுவாள். பிரசவ உதிரம் தீட்டு, அதற்காகவே பெண்களுக்கு ‘உதிரக் குளம்’ என்றொரு நரகம் காத்திருக்கிறது என்று நம்பிய சமூகம் அது. இந்த இருவரையும் தோழிகளாக்குகிற நாவலாசிரியர் இந்தக் கோட்டின்மேல்தான் கதையை நடத்துகிறார். உயிர்த்தோழமைக்குச் சீனத்தில் ‘ஜின்லான்’ என்பார்கள், பொன்னும் ஆர்க்கிடும். இருவர் மனம் ஒன்றானால் பொன்னையும் வெட்டும், அவர்கள் பேச்சு அந்தப் பூவாய் மணக்கும் என்ற வரியிலிருந்து வந்தது; அது ‘யி ஜிங்’ என்ற பழைய சீனக் குறி நூலில் உள்ளது. பல்லக்கில் போகிறவளும் நடந்தே போகிறவளும் அப்படி ஒன்றாக முடியுமா என்பதுதான் கதையின் முடிச்சு.

தமிழில் வென்-போவுக்கு ‘மருத்துவச்சி’யே சரியான சொல். வேறு தேட வேண்டாம். இங்கும் அது வீடு வீடாகப் போய்ப் பேறு பார்த்த பெண்ணைத்தான் குறித்தது. பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்கள், வேலை முடிந்ததும் தள்ளி நிறுத்தப்பட்டவர்கள். ‘பேற்றுக் கிழவி’ போன்ற புது ஆக்கங்களில் இந்த வாடை வராது. ‘செவிலி’ சங்கப் பாட்டின் வளர்ப்புத்தாயிலிருந்து ஆஸ்பத்திரி நர்ஸ் வரை போய்விட்ட சொல், இங்கே குழப்பும்.

வம்பு என்னவென்றால், இலக்கணப்படி ‘மருத்துவன்’ என்பதன் பெண்பாலும் மருத்துவச்சிதான். அந்த நம்பிக்கையில் தான் யுன்ஷியெனை மருத்துவச்சி என்று எழுதினால், நம் வாசகர் மனத்தில் அவர் பேறு பார்க்கப் போகிறவர் ஆகிவிடுவார், கதையின் கோடு அழிந்துபோகும். அவருக்குப் ‘பெண் வைத்தியர்’ போதும். தாவ் ட்சோங்யியின் பட்டியலில் உள்ள ‘மருந்து விற்பவள்’ இன்னொருத்தி, அவளை ‘மருந்துக்காரி’ எனலாம். உரையாடலில் வென்-போவைப் பெயரோடு ‘வாங் பாட்டி’ என்று கூப்பிடவிடுவதுதான் இயல்பு. 1929-இல் யாங் சோங்ருய் என்ற பெண் மருத்துவர் பெய்பிங்கில் (பெய்ஜிங்கின் அன்றைய பெயர்) முதல் தேசிய மருத்துவச்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்து வந்தவர்கள் ‘ட்சுசான்ஷி’, பயிற்சி பெற்ற பேறுகாலப் பணியாளர்கள். அவர்களைக் குறிக்க இலங்கை வழக்கான ‘மருத்துவ மாது’ கச்சிதமாகப் பொருந்தும்.