டொமைன் பெயர் காலியாக இருந்தால் போதுமா?

டொமைன் பெயர்களைப் பதிவு செய்து தரும் தளம் ஒன்றில் ஒரு பெயரைத் தேடும்போது ‘கிடைக்கும்’ என்று வரும் விடை ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: அதே எழுத்துகளை அதே வரிசையில் கொண்ட பதிவு எதுவும் அந்த டாட் காம் பதிவேட்டில் இப்போது இல்லை. அப்பெயரைத் தொழிலுக்குப் பயன்படுத்த ஒருவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை அந்தத் தேடல் தொடுவதே இல்லை. மாறாக, தமக்குத் தெரிந்தவரை இப்பெயர் பிறர் உரிமை எதையும் மீறவில்லை என்று பதிவு செய்பவரே உறுதியளிப்பதாகப் பதிவு ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. பெரும்பாலோர் படிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொடுக்கிவிடும் விதிகளில் அதுவும் ஒன்று.

டொமைன் முறைமையும், பெயர்மேல் உள்ள தொழில் உரிமையைக் காக்கும் வணிகக்குறிச் (டிரேட்மார்க்) சட்டமும் வெவ்வேறு வேலைக்காகப் பிறந்தவை. 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த டொமைன் பெயர் முறைமை, மனிதர் நினைவில் வைக்கக்கூடிய பெயரைக் கணினிகள் ஒன்றையொன்று அடையப் பயன்படுத்தும் எண் முகவரியாக மாற்றித் தருவதற்கானது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 குறிகளுக்கு மிகக் கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டை அது பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அதன் கணக்கில் அது முற்றிலும் வேறு பெயர். வணிகக்குறிச் சட்டத்தின் கவலையோ, ஒரு பொருளோ சேவையோ யாரிடமிருந்து வருகிறது என்பதில் வாங்குபவர் ஏமாந்துவிடக் கூடாது என்பதாகும். ஆகவே எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்பதைவிட, பார்ப்பவர் மனத்தில் குழப்பம் எழுமா என்பதையே அது கேட்கிறது.

வணிகக்குறிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று நாடு, ஒரு நாட்டில் பெற்ற பதிவு பொதுவாக அந்நாட்டுக்குள்ளேயே செல்லும். மற்றொன்று தொழில்வகை, உலகின் பெரும்பாலான பதிவேடுகள் பின்பற்றும் நீஸ் வகைப்பாடு, பொருள்களை 34 வகுப்புகளாகவும் சேவைகளை 11 வகுப்புகளாகவும் பிரிக்கிறது. டெல்டா என்ற பெயரில் ஒரு விமான நிறுவனமும் தண்ணீர்க் குழாய் தயாரிக்கும் ஒரு நிறுவனமும் சட்டச் சிக்கலின்றி இயங்க முடிவதற்கு இதுவே காரணம்; விமானச் சீட்டு வாங்கப் போனவர் தவறிப்போய்க் குழாயோடு திரும்ப மாட்டார். ஆனால் டெல்டா டாட் காம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். பல பேர் நேர்மையாகப் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒரு பெயரை ஒருவரே வைத்திருக்கும்படி செய்யும் இந்த அமைப்பிலிருந்தே டொமைன் வழக்குகளில் பெரும்பகுதி கிளைக்கிறது.

குழப்பம் எழுமா என்பதை எப்படி அளப்பது? தோற்றம், ஒலி, பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்து, இரு பெயர்களும் தரும் ஒட்டுமொத்த மனப்பதிவை நீதிமன்றங்கள் ஒப்பிடுகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பதில்லை. முன்பு எப்போதோ பார்த்த பெயரை அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் சராசரி வாடிக்கையாளரின் நிலையில் நின்று பார்க்கின்றன. கோடாக் என்ற பெயரின் முதல் எழுத்தான கே-யை சி-யாக மாற்றினால் டொமைன் முறைமைக்கு அது புதுப் பெயர்; காதுக்கு அது பழைய கோடாக்தான். ஒலியால் ஒத்த பெயர்களைக் கண்டுபிடிக்க, ஒத்த ஒலியுள்ள மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண்ணைத் தரும் சவுண்டெக்ஸ் என்ற முறை 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. வணிகக்குறிப் பதிவேடுகள் சிலவற்றின் ஒலிவழித் தேடலும் அதே வகைச் சிந்தனையில் அமைந்ததுதான். கண்ணை ஏமாற்றுவதும் எளிது. ரஷ்ய மொழி முதலியன எழுதப்படும் சிரிலிக் எழுத்துவரிசையில் இலத்தீன் ‘ஏ’-யைப் போலவே தோன்றும் எழுத்து ஒன்று உண்டு. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எண்கள், திரையைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

டொமைன் சச்சரவுகளுக்கென, இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999-இல் ஒரே சீரான தீர்வுக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. யுடிஆர்பி எனப்படும் அதன்படி, முறையிடுபவர் மூன்றையும் நிறுவ வேண்டும்: டொமைன் தமது வணிகக்குறியோடு ஒன்றாகவோ குழப்பும் அளவுக்கு ஒத்தோ இருக்கிறது, வைத்திருப்பவருக்கு அப்பெயரில் நியாயமான நலன் எதுவும் இல்லை, அது தீய நோக்கத்துடன் பதிவு செய்யப்பட்டு, தீய நோக்கத்துடனே பயன்படுத்தவும் படுகிறது. முதல் கூற்றை எடைபோடும்போது டாட் காம், டாட் நெட் போன்ற பின்னொட்டை நடுவர்கள் வழக்கமாகக் கணக்கில் கொள்வதில்லை. புகழ்பெற்ற பெயருக்குப் பின்னால் ‘ஷாப்’, ‘ஆன்லைன்’ என ஒரு பொதுச் சொல்லைச் சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் அங்கே உடைந்துவிடுகிறது. பதிலளிக்க 20 நாட்கள் தரப்படும். தோற்றால் இழப்பீடு கிடையாது, பெயர்தான் போகும். இம்முறையின் முதல் வழக்கில், உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் பெயரைப் பதிவு செய்து சில நாட்களிலேயே அவர்களிடமே விற்க முன்வந்த ஒருவர், 2000 ஜனவரியில் அதை இழந்தார்.

நல்லெண்ணம் இருந்தால் வழக்கு வராது என்று கொள்வதற்கும் இடமில்லை. தமது குடும்பப் பெயரான நிசானை 1994-இல் டொமைனாகப் பதிவு செய்து கணினித் தொழில் நடத்தி வந்த அமெரிக்க வணிகர்மீது, 1999-இல் அதே பெயருடைய கார் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னும் டொமைன் அவரிடமே இருந்தது. ஆனால் அத்தளத்தில் கார் தொடர்பான விளம்பரங்களை வெளியிட்டது உரிமை மீறலாகவே கருதப்பட்டது. பெயரைக் காட்டிலும் பெயரின்கீழ் என்ன நடக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்ப்பை முடிவு செய்கிறது.

எந்த வகைப் பெயரைத் தெரிவு செய்யலாம் என்பதற்கும் சட்டத்தில் ஒரு படிவரிசை இருக்கிறது. விற்கும் பொருளின் பொதுப்பெயரையே வைத்தால் யாரும் பொதுவாக உரிமை கோர முடியாது, வைத்தவரும் கோர முடியாது. 2020-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புக்கிங் டாட் காம் என்பதை மக்கள் ஒரு நிறுவனத்தின் பெயராகவே அறிகிறார்கள் என்பதால் பதிவுக்கு ஏற்றது என்றது விதிவிலக்கு. தொழிலோடு தொடர்பற்ற நடைமுறைச் சொல், கணினிக்கு ஆப்பிள் போல, வலுவானது. கோடாக்கைப் போல, முன்பு இல்லாத சொல்லைப் புனைவது அதைவிட வலுவானது. என் மதிப்பீட்டில் புதிதாகத் தொடங்குபவருக்குப் புனைபெயரே நல்ல தெரிவு, அது முதலில் சற்று அந்நியமாக ஒலித்தாலும்.

தெரிவு செய்த பின் தேடல். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உலகளாவிய வணிகக்குறித் தரவுத்தளத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். வாடிக்கையாளர்கள் இருக்கும் நாடுகளின் பதிவேடுகளையும் தனியே பார்க்க வேண்டும். சரியான எழுத்துக்கூட்டலோடு நிறுத்தாமல், ஒலியொத்த வடிவங்களையும், ஓரெழுத்துப் பிழைகளையும், தம் தொழிலுக்கு அண்டை வகுப்புகளையும் சோதிக்க வேண்டும். பதிவாகாத குறியும் நீண்ட பயன்பாட்டால் பல நாடுகளில் காப்புப் பெறுவதால், சாதாரண இணையத் தேடலும் செயலிக் கடைகளும் இதில் அடங்கும். புதிய பின்னொட்டுகளில் தொடக்கக் காலத்தில், வணிகக்குறிகளைத் தொகுத்து வைக்கும் மையத் தரவுத்தளமான வணிகக்குறித் தீர்வகம் எச்சரிக்கை அனுப்பும். ஆனால் அது எழுத்துக்கு எழுத்து ஒத்தவற்றுக்கே பெரும்பாலும் எழுவதால், எச்சரிக்கை வராததைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காலவரிசையும் முக்கியம். டொமைன் பதிவான பிறகே ஒரு வணிகக்குறி பிறந்தது என்றால், இல்லாத குறியை மனத்தில் வைத்துப் பதிவு செய்திருக்க முடியாது என்பதால் நடுவர்கள் பொதுவாகத் தீய நோக்கம் இல்லை என்றே காண்கிறார்கள். இரண்டு நிறுவனங்கள் இணையப்போவதாகச் செய்தி வந்த மறுநாளே அவற்றின் பெயர்களை ஒட்டிப் பதிவு செய்பவருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை.