ஸ்கோர் மறந்துபோகும், சுண்டல் மறக்காது

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய ஃபுட்பால் பைத்தியம் யாரையாவது பிடித்து, "நீங்க நேர்ல பாத்த மொத மேட்ச் எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்கோர் வருமா என்பது சந்தேகம். எந்த டீமும் எந்த டீமும் ஆடின என்பதுகூடக் குழம்பும். ஆனால் "நைனா தோள் மேல ஒக்காந்துகினு பாத்தேன்" என்பது தவறாமல் வரும். கோடு போட்ட சுண்ணாம்பு காலில் ஒட்டிக்கொண்டது வரும். பேப்பர் பொட்டலத்தில் வாங்கித் தந்த சுண்டல் வரும், அதில் மாங்காய் போட்டிருந்ததா இல்லையா என்பது உட்பட. மேட்ச் பார்க்கப் போய், மேட்ச்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வருவது எப்படி?

இதை மறதிக் கணக்கில் எழுத முடியாது. ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணும் காதும் மூளையும் அன்றைக்கு எப்படி வேலை செய்தன என்று பார்த்தால், இப்படித்தான் ஆகும்.

அரைக் கட்டைவிரல் மைதானம்

முதலில் கண். ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 120 செ.மீ. கண் இருப்பது 110 செ.மீ. உயரத்தில். பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி அது நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேச ஆட்டத்துக்கு மைதானத்தின் அகலம் குறைந்தது 64 மீட்டர் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் மைதானத்தின் நடுப்பகுதி 32 மீட்டரில், எதிர்க்கோடு 64 மீட்டரில். பிள்ளையின் கண்ணுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் வெறும் 1 டிகிரி. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 2 டிகிரி. அதாவது மைதானத்தின் எதிர்ப்பாதி முழுவதும் அரைக் கட்டைவிரலுக்குள் அடங்கிவிடும். பந்து கிட்டே இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா, யார் ஆஃப்சைடு, எதுவும் தெரியாது. தெரிவதெல்லாம் கால்கள், முன்னால் நிற்பவரின் வேட்டி, ஓடி வந்து நிற்கும் லைன்ஸ்மேன் கொடி, தரையில் வெள்ளைக் கோடு.

அப்பா தூக்கித் தோளில் வைத்தவுடன் பிள்ளையின் கண் 190 செ.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. கூட்டத்தில் எந்தத் தலையும் இனிக் குறுக்கே இல்லை. அதே எதிர்ப்பாதி இப்போது முக்கால் கட்டைவிரலுக்கு மேல். கேலரியில் 10 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்தால் எட்டரை டிகிரி, கிட்டத்தட்ட ஒரு முஷ்டி அகலம். டிவி கேமரா இன்னும் மேலே இருந்து பார்க்கிறது. டிவியில் ஆட்டம் புரிவதும் தரையில் நின்றால் புரியாததும் இந்தக் கோணத்தால்தான். ஸ்கோர் நினைவில் நிற்காததற்கு முதல் காரணமும் இதுவே: அந்தப் பிள்ளை ஸ்கோரைச் சரியாகப் பார்க்கவே இல்லை. உள்ளே போகாததைப் பின்னால் வெளியே எடுக்க முடியாது. தோள் நினைவில் நிற்பதற்கும் வேறு விளக்கம் வேண்டாம். அந்த நொடியில்தான் மைதானம் அதற்குத் திறந்தது.

பிந்தி வரும் 'டப்'

அடுத்தது காது. வேலூர் வெயிலில், 35 டிகிரி செல்சியஸில், ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போகும். 70 மீட்டர் தள்ளி ஒருவர் பந்தை உதைத்தால் கால் படுவது கண்ணுக்கு உடனே தெரிகிறது. 'டப்' என்ற சத்தம் காதுக்கு வர 0.2 நொடி ஆகிறது. மைதானத்தின் மறுகோடியில், 100 மீட்டர் தள்ளி கோலி உதைத்தால் 0.28 நொடி. பாலாற்றில் தண்ணீர் ஓடும் அபூர்வமான நாட்களில் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: துணி கல்லை விட்டு எழுந்த பிறகுதான் சத்தம் வரும். டிவியில் இந்த இடைவெளி கிடையாது. மைக் மைதானத்தின் ஓரத்திலேயே இருப்பதால் உதையும் சத்தமும் ஒட்டியே வரும்.

பிள்ளையின் மூளை ஒன்றை எதிர்பார்க்கிறது, வேறொன்று வருகிறது. எதிர்பார்ப்பு இப்படிப் பொய்க்கும்போது நடுமூளையில் உள்ள சில செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளை விடுகின்றன. அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். இரண்டு காதுகளுக்கும் உட்பக்கமாக, பக்கத்துக்கு ஒன்றாக, கடல்குதிரை மாதிரி வளைந்து கிடக்கும் சின்னப் பகுதி. நிகழ்ச்சிகளைப் புதிதாகப் பதிவது இதன் வேலை. வலிப்பு நோய்க்காக 1953இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு இந்தப் பகுதியின் பெரும்பங்கை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். 2008இல் இறக்கும்வரை அவருக்குப் புது நிகழ்ச்சி எதுவும் மனதில் தங்கவில்லை. பழைய இளமைக்கால நினைவுகள் பலவும் இருந்தன. பதியும் இடம் வேறு, பாதுகாக்கும் இடம் வேறு என்று உலகம் தெரிந்துகொண்டது அவரால்தான்.

ஹிப்போகாம்பஸுக்கு இன்னொரு வேலை, இடம் அறிவது. எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை ஜான் ஓ'கீஃப் 1971இல் கண்டுகொண்டார். அதற்கு 2014இல் நோபல் பரிசு வந்தது, மோசர் தம்பதியோடு பகிர்ந்து. டிவியில் நூறு மேட்ச் பார்த்தாலும் உடம்பு இருந்த இடம் ஒன்றே: வீட்டுக் கூடம். அந்த நூறும் ஒன்றோடொன்று கலந்து களியாகிவிடும். நேரில் பார்த்த மேட்ச்சுக்குத் தனி இடம், தனி வழி, தனி வாசல். அதனால் அது கலக்காமல் நிற்கிறது.

சுண்டல் எப்படி உள்ளே நுழைந்தது?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சுண்டல் என்ன அதிசயமா? அந்தப் பிள்ளை நூறு தடவை தின்றிருக்கும். பிறகு ஏன் இந்தப் பொட்டலம் மட்டும்?

அர்ஜென்டினாவில் ஆரம்பப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்து 2013இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு சாதாரணக் கதையைப் படித்துக் காட்டினார்கள். சில வகுப்புகளுக்கு மட்டும், கதைக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, அவர்கள் அதுவரை பார்த்திராத விதமாக ஒரு பாடம் நடந்தது. மறுநாள் கேட்டால் அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை கூடுதலாக நினைவிருந்தது. புதுமையான பாடம் நாலு மணி நேரம் தள்ளி நடந்திருந்தால் அந்தப் பலன் இல்லை. சாதாரண நிகழ்ச்சி மூளையில் ஒரு தற்காலிக அடையாளத்தை மட்டும் விட்டுப்போகிறது. கொஞ்ச நேரத்தில் அது அழிந்துவிடும். அது அழியும் முன்பு பக்கத்தில் ஏதாவது பெரிய புதுமை நடந்தால், அதற்காகத் தயாராகும் புரதங்களில் இந்த அடையாளத்துக்கும் பங்கு கிடைத்து அது நிலைத்துவிடுகிறது. சாயங்காலம் நாலு மணி மேட்ச்சில், நாலே முக்காலுக்கு விடும் 15 நிமிட இடைவேளையில் வாங்கிய சுண்டல் கெடுவுக்குள் வந்துவிட்டது. காலையில் தின்ற இட்லி வரவில்லை.

இதற்கு மேல் உணர்ச்சி. கூட்டம் ஒரே குரலில் கத்தும்போது உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது, மூளையில் நோரட்ரினலின் சுரக்கிறது. ஹிப்போகாம்பஸுக்கு அண்டைவீட்டுக்காரனான, உணர்ச்சியைக் கவனிக்கும் அமிக்டலா, 'இதை விடாதே' என்று அதைத் தூண்டுகிறது. அன்றிரவு ஆழ்ந்த தூக்கத்தில் பகலில் பதிந்தவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. களைத்துப்போய், சாப்பிடாமல்கூட, நைனாவின் மடியிலேயே தூங்கிய பிள்ளைக்கு அந்த வேலை நன்றாகவே நடந்திருக்கும்.

வயதும் பார்க்க வேண்டும். பெரியவர்கள் நினைவுகூரும் மிகப் பழைய சம்பவம் சராசரியாக மூன்று, மூன்றரை வயதுக்குரியது. அதன் பிறகும் ஆறேழு வயதுவரை கிடைப்பவை திட்டுத் திட்டானவை. "ரெண்டு வயசுல கைக்குழந்தையா இருந்தப்பவே மேட்ச் பாத்தேன்" என்பவருக்கு அது பெரும்பாலும் ஆயா சொல்லிச் சொல்லி உருவான நினைவு. ஆனால் அந்தச் 'சொல்லிச் சொல்லி'யை மட்டமாக நினைக்க வேண்டாம். வீட்டில் பழையதை விரிவாகப் பேசும் பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கு நினைவுகள் சீக்கிரமே தொடங்குகின்றன. குடும்பக் கதைகளுக்குப் பெரிய மதிப்புக் கொடுக்கும் நியூசிலாந்து மாவோரி மக்களின் முதல் நினைவு, அங்குள்ள மற்றவர்களுடையதைவிட இளைய வயதுக்குரியதாக ஆய்வில் தெரிந்தது.

எங்கே கெட்டுப்போகிறது

நினைவைப் பெட்டியில் பூட்டிய பத்திரமாக நினைக்கிறோம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அது இளகுகிறது, மறுபடி இறுகுகிறது. எலிகளில் இதை 2000இல் தெளிவாகக் காட்டினார்கள். இளகியிருக்கும் நேரத்தில் பக்கத்தில் எது இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

அதிகம் ஒட்டுவது டிவி. 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. மோதிய கணத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, 'டிவியில் அந்தக் காட்சியைப் பார்த்தீர்களா?' என்று கேட்டபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் 'பார்த்தேன்' என்றார்கள். நம் ஊரில் 1986 ஜூன் 22 இரவு பக்கத்து வீட்டு டிவி முன்னால் பாய் விரித்துக் காத்திருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். மெக்சிகோவில் நடுப்பகல், இங்கே பதினொன்றரை மணி. மரடோனா இங்கிலாந்துக்கு எதிராக நாலு நிமிட இடைவெளியில் அடித்த இரண்டு கோல்களும் நம் கணக்கில் நள்ளிரவுக்கு அப்புறம். அரைத்தூக்கத்தில் பார்த்த அந்த ஓட்டம், பத்துப் பதினைந்து வருஷத்தில் தம் பள்ளி கிரவுண்டில் ஒருவர் ஓடியதோடு ஒட்டிக்கொண்டால் ஆச்சரியமில்லை. சொல்பவர் பொய் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்வதாலேயே அது உண்மையாகிவிடவும் இல்லை. அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டோம் என்று மாணவர்கள் எழுதிக் கொடுத்ததையும் இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேர் எழுதியதையும் ஒப்பிட்டார்கள். 11 பேருக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மைதானம் சுருங்கிப்போவது இன்னொன்று. பெரியவனாகித் திரும்பப் போனால் "இவ்ளோ சின்னதா?" என்று தோன்றும். ஸ்டாக்ஹோமில் 2011இல், கண்ணுக்கு முன்னால் படம் காட்டும் கண்ணாடிக் கருவி மாட்டி, ஒரு பொம்மையின் உடம்பே தம் உடம்பு என்று ஆட்களை உணர வைத்தார்கள். சின்னப் பொம்மை என்றால் பொருள்கள் பெரிதாகவும் தூரமாகவும் தெரிந்தன. ராட்சதப் பொம்மை என்றால் நேர்மாறு. அளவுகோல் நம் உடம்பு. கோல் போஸ்ட் அன்றும் இன்றும் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம்தான்.

வாசனை பற்றி ஒரு வார்த்தை. மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற சந்திப்பில் நின்றுதான் உள்ளே போகும். மோப்பம் அங்கே நிற்காமல் அமிக்டலாவுக்கு நேரே போகிறது. ஆம்பூருக்கு ஒரே ஒரு முறை மேட்ச் பார்க்க வந்த திருவண்ணாமலைக்காரருக்குத் தோல் பதனிடும் ஷாப் நாற்றம் அடித்தால் அந்த மேட்ச் முழுவதும் எழுந்து வரலாம். ஆம்பூர்க்காரருக்கு வராது. அவருக்கு அந்த வாசனையோடு பத்தாயிரம் நாட்கள் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு கயிற்றில் அத்தனை மாட்டைக் கட்டினால் எந்த மாடு வரும்?

கேட்கும் முறை

தாத்தாவிடம் இதைக் கேட்டுப் பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் செய்யும் தப்பு, போட்டோவைக் காட்டிவிட்டுக் கேட்பது. போட்டோ கடைசியில் வரட்டும். முதல் பத்து நிமிஷம் குறுக்கே பேசாமல் அவர் போக்கில் சொல்ல விடுங்கள், செல்போனில் ரெக்கார்ட் ஓடட்டும். பிறகு உடம்பைப் பற்றிக் கேளுங்கள்: எங்கே நின்னீங்க, கால்ல செருப்பு இருந்ததா, மலை எந்தக் கைப்பக்கம், வெயில் மூஞ்சியில அடிச்சதா முதுகுலயா? வேலூரில் எங்கே நின்றாலும் ஏதாவதொரு மலை கண்ணில் படும், அது வசதி. சாயங்கால மேட்ச் என்றால் சூரியன் மேற்கே. மலையையும் வெயிலையும் மேப்பில் வைத்தால் சொல்லும் மைதானம் சரியா என்று தெரிந்துவிடும்.

வருஷம் கேட்காதீர்கள், யாருக்கும் சரியாக வராது. ஊரறிந்த ஒன்றை வைத்து முன்னாடியா பின்னாடியா என்று கேளுங்கள். வேலூர் கோட்டைக் கோயிலில் மறுபடி சாமி வைத்தது 1981. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. வடஆற்காடு மாவட்டம் இரண்டானது 1989. மூன்று கேள்வியில் பத்து வருஷக் குழப்பம் இரண்டு மூன்று வருஷத்துக்குள் வந்துவிடும். பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போன அன்றைக்குத்தான் மேட்ச் என்றால் கிழமை செவ்வாய்.

கேள்வியில் வார்த்தையை ஏற்றாதீர்கள். 1974இல் அமெரிக்காவில் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'தொட்டபோது' என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். முதல் ரகத்துக்குச் சராசரி மணிக்கு 40.8 மைல், அடுத்ததற்கு 31.8. ஆகவே "எவ்ளோ பெரிய கூட்டம்?" வேண்டாம். "பக்கத்துல யாரு இருந்தாங்க?" போதும்.

அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கக் கூடாது. ஒருவர் சொன்னது மற்றவர் நினைவில் ஏறிவிடும். தனித்தனியாகக் கேட்டு, பிறகு ஒப்பிடுங்கள். நியூசிலாந்தில் இரட்டையர்களிடம் இப்படித் தனித்தனியாகக் கேட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சம்பவத்தை 'எனக்கு நடந்தது' என்று இருவரும் உரிமை கொண்டாடிய சோடிகள் நிறைய. இங்கேயும் முதல் தகராறு தோளில்தான் வரும். நைனா தோளில் உட்கார்ந்து பார்த்தது நான்தான் என்று இரண்டு பேரும் அடித்துச் சொல்வார்கள்.