லாரி கட்டும் கயிற்றில் மரம் ஏறாதீர்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கிளை கழிக்கும் வேலை ஊரெங்கும் நடக்கிறது. அதோடு விபத்துகளும் வருகின்றன. போன வாரம் ஒரு வேப்பமரத்திலிருந்து விழுந்த தம்பிக்கு இருபது சொச்சம் வயதுதான். இடுப்பில் கயிறு கட்டியிருந்தார், கயிறும் அறுபடவில்லை. கயிற்றையும் பெல்ட்டையும் இணைத்த கொக்கிதான் விரிந்துவிட்டது. கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலைக்குப் பயிற்சி கொடுப்பவன் என்பதால், அந்தச் சாமான்களைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சாவி கோக்கவும் பை மாட்டவும் விற்கிற அலுமினியக் கொக்கி அது. அந்தக் கொக்கியின் எந்த இடத்திலும் ஓர் எண்கூடப் பொறிக்கப்படவில்லை. உயிர் பிழைத்துவிட்டார், முதுகெலும்பில் முறிவு.

ஒவ்வொரு முறையும் ஒரே வாதத்தைத்தான் கேட்கிறேன்: "இந்தக் கயிறு ஐந்நூறு கிலோ தாங்கும் சார், என் எடை எழுபதுதானே?" இதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். எழுபது கிலோ என்பது நீங்கள் அசையாமல் தொங்கும்போது உள்ள கணக்கு. கால் வழுக்கி ஒரு மீட்டர் விழுந்து, நீளாத கயிறு உங்களை 5 சென்டிமீட்டருக்குள் பிடித்து நிறுத்தினால், அந்த நொடியில் கயிறும் கொக்கியும் உங்கள் இடுப்பும் சராசரியாக 1,400 கிலோவுக்கு மேல் தாங்கியாக வேண்டும். அதே விழுகை ஒரு மீட்டர் தூரத்துக்கு மெல்ல மெல்ல நின்றால் சுமார் 140 கிலோதான். ஆள் அதே ஆள், விழுந்த உயரமும் அதே. எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதுதான் மாறியது. மாட்டைக் கட்டினோம், மோட்டாரைக் கிணற்றில் இறக்கினோம் என்று சொல்வதெல்லாம் இதற்கு ஆதாரமாகாது. மோட்டார் மெதுவாக இறங்கியது. நீங்கள் மெதுவாக விழமாட்டீர்கள்.

கயிறு கெட்டியாக இருந்து தாங்கிவிட்டாலும் அந்த இழுப்பு உடம்புக்குள்தான் போகும். அதனால் தொய்வு கூடாது. தலைக்கு மேலே, ஆள் எடை தாங்கும் கிளைக்கவட்டில் கயிற்றைப் போட்டு, எப்போதும் விறைப்பாக வைத்திருங்கள். காலுக்குக் கீழே கட்டிவிட்டு மேலே ஏறுவது கட்டாமல் ஏறுவதற்குச் சமம்.

சரி, எந்தக் கயிறு? லாரித் தார்பாய் கட்டும் மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். அது செய்யப்படும் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் வெயிலில் மக்கும், முடிச்சு வழுக்கும், 165 டிகிரி வாக்கில் உருகியும் விடும். கயிற்றின் மேல் கயிறு உரசும்போது சூடு ஒரே இடத்தில் ஏறுவதால், அந்த இடம்தான் முதலில் போகும். மேலே சொன்னபடி தொய்வில்லாமல் வைத்திருந்தால் விழும் தூரமே இருக்காது, அதனால் உள்ளே நாரும் வெளியே பின்னிய உறையும் கொண்ட, அதிகம் நீளாத நைலான் அல்லது பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள். தடிமன் 11 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கட்டும் முடிச்சே கயிற்றின் வலுவில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். புரூசிக் முடிச்சு (பெரிய கயிற்றின் மேல் மெல்லிய கயிற்றைச் சுற்றிப் போடுவது, எடை விழுந்தால் கவ்விப் பிடிக்கும்) போடுகிறவர்கள் கவனிக்க: 11 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 7 அல்லது 8 மில்லிமீட்டர் மெல்லிய கயிறுதான் கவ்வும். சம தடிமனில் போட்டால் பிடிக்காது. இடுப்பளவு உயரத்தில் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

கொக்கிக்கு வருகிறேன். ஆள் எடை தாங்கச் செய்யப்படும் கொக்கிக்குக் கராபினர் என்று பெயர். நல்ல கராபினரின் முதுகில் மூன்று எண்கள் இருக்கும், கிலோநியூட்டனில். ஒரு கிலோநியூட்டன் ஏறக்குறைய 100 கிலோ. நீளவாக்கில் இழுத்தால் 22, 25 என்று போட்டிருக்கும். குறுக்குவாக்கிலும் வாய் திறந்த நிலையிலும் பெரும்பாலும் 7, 8 என்றுதான் இருக்கும். அதாவது, கொக்கி புரண்டு கிடந்தாலோ, ஒரு சுள்ளி பட்டு வாய் திறந்தாலோ வலுவில் பெரும்பகுதி போய்விடும். திருகுப் பூட்டு மரப்பட்டையில் உரசி உரசித் தானாகக் கழன்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தானாகப் பூட்டிக்கொள்கிற, திறக்க இரண்டு மூன்று அசைவு தேவைப்படுகிற வகையே மரத்துக்குச் சரி. எண் பொறிக்காத கொக்கியைக் கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.

இடுப்பு பெல்ட் நின்று வேலை செய்ய மட்டும். விழுந்தால் அது வயிற்றை நசுக்கும். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள முழு உடல் ஹார்னஸ் (தோளையும் தொடைகளையும் சேர்த்துப் பிடிக்கும் வார்க்கட்டு) போடுங்கள். செயின்சா இயக்கும்போது இரண்டு கட்டு வேண்டும், ஒன்று அறுந்தாலும் மற்றது இருக்கும். உள்ளே இரும்புக் கம்பி ஓடும் லேன்யார்டு (ஆளை மரத்தோடு இணைக்கும் குட்டைக் கயிறு) ரம்பத்துக்குக் கொஞ்சம் ஈடுகொடுக்கும். ஆனால் மின்கம்பி பக்கத்தில் அதைக் கொண்டே போகாதீர்கள். வண்டி பேட்டரி பக்கத்தில் கயிற்றை வைப்பவர்களிடம் எத்தனை தடவை சொல்வது? அமிலம் பட்ட நைலான் பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே செத்துப்போயிருக்கும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி பேசும்போதே அவருடைய கயிற்றையும் கொக்கியையும் ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல சாமானோடு வருபவர் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள். கீழே இன்னோர் ஆள் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். மயங்கி ஹார்னஸில் தொங்குபவரைச் சில நிமிடங்களில் இறக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 108 வரும்வரை காத்திருக்க முடியாது.

வேலைக்கு முன் கயிறு முழுவதையும் விரல்களுக்கு இடையே ஓடவிடுங்கள். ஓரிடத்தில் மெத்தென்று அமுங்கினாலோ, மடக்கினால் தட்டையாக ஒடிந்தாலோ, உறை பளபளவென்று இறுகியிருந்தாலோ அந்தக் கயிறு முடிந்தது. ஒரு பெரிய விழுகையைப் பிடித்த கயிறும் அப்படித்தான். ஒதுக்கிய கயிற்றைக் கொட்டகையில் சுருட்டி வைக்காமல் முழத்துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். முழுசாக இருந்தால் அடுத்த சீசனில் யாராவது எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள்.